பழைய வண்டியும் புதிய வண்டியும்

நம் விடுதியில் இரவு உணவுக்குப் பின் கூடும் வழக்காடு மன்றத்தில் இவ்வாண்டு ஓயாமல் எடுக்கப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. அரசியலன்று; திரைப்படமுமன்று. இன்றைய மோட்டார் சைக்கிள் சிறந்ததா, அன்றைய யமஹா ஆர்.எக்ஸ். 100 சிறந்ததா என்பதே அது. பழமைக் கட்சியார் தொகையில் மிகுந்தவர், குரலிலும் மிகுந்தவர். அவர்களுள் பெரும்பாலோர் அந்த வண்டியின் உற்பத்தி நின்ற பிறகு பிறந்தவர்கள் என்பது ஒரு வேடிக்கை. நானும் அப்படிப் பிறந்தவனே. ஆயினும், அந்த வண்டி ஒன்றின் பெட்ரோல் தொட்டிமேல் அமர்ந்து பள்ளிக்குச் சென்றவன் என்ற உரிமையோடும், வேதியியல் படிப்பவன் என்ற பொறுப்போடும் இரு கட்சியாருக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். இரு கட்சியாரும் என்மீது சினம் கொள்ளக் கூடும். கொள்ளட்டும்.

முதலில் வரலாறு. 1980-களின் தொடக்கம் வரையில் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் என்ற மூன்று குடும்பங்களே பெரியவை. அயல்நாட்டுக் கூட்டுறவுக்கு அரசு கதவைத் திறந்த பிறகு ஜப்பானியர் நால்வர் அடுத்தடுத்து வந்தனர். நம் ஓசூரில் டி.வி.எஸ். குழுமத்தார் சுசுகியோடு கூடி 1984-இல் ஏ.எக்ஸ். 100 வண்டியை வெளியிட்டனர். 1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தது. அதே ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியைக் கொண்டு வந்தனர். பஜாஜும் கவாசாகியும் சேர்ந்து கே.பி. 100 செய்தனர். நான்கும் நூறு சி.சி.யை ஒட்டியவை. அவற்றுள் சி.டி. 100 ஒன்றே ஃபோர் ஸ்ட்ரோக். மற்றவை மூன்றும் டூ ஸ்ட்ரோக்.

இந்த நால்வருள் காவியத் தலைவனாக நின்றது ஆர்.எக்ஸ். 100. 1996 மார்ச்சில் அதன் உற்பத்தி நின்றது. ஏறத்தாழ பத்தே ஆண்டு வாழ்வு. ஆனால் இறந்த பிறகே அதன் புகழ் வளர்ந்தது. 2018-இல் தெலுங்கில் ஒரு திரைப்படத்துக்கே அதன் பெயரை வைத்தார்கள். இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றைப் புது வண்டியின் விலைக்கு மேல் கொடுத்து வாங்குவோரும் இருக்கின்றனர்.

ஏன் இந்தப் புகழ்? உணர்ச்சியைச் சற்றே ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்ப்போம். ஆர்.எக்ஸ். 100 எஞ்சின் 98 சி.சி.; திறன் 11 பி.எஸ்.; வண்டியின் எடை ஏறத்தாழ 103 கிலோ. இன்றைய வண்டிகளில் அதற்கு நேர் நிறுத்தத் தக்கது எது என்று தேடினால், அதே ஓசூர் மண்ணிலிருந்து 2021-இல் வந்த டி.வி.எஸ். ரைடர் 125 அகப்படுகிறது. அது 124.8 சி.சி.; 11.38 பி.எஸ்.; எடை 123 கிலோ. திறனில் இரண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் அந்த உச்சத் திறனைக் காட்டுவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். ஆனால் எடையால் வகுத்துப் பார்த்தால் பழையது நூற்றுக்கு 15 பங்கு முந்துகிறது. 65 கிலோ எடையுள்ள என்னையும் ஏற்றிக் கணக்கிட்டால் அந்த முந்துதல் நூற்றுக்கு 8 பங்காகச் சுருங்குகிறது. நம் வழக்காடு மன்றத்தில் உரத்துப் பேசும் நண்பர்கள் சிலரை ஏற்றினால் இன்னும் சுருங்கும். அதைக் கணக்கிட்டுக் காட்டி நட்பைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

ஆகவே ‘பறக்கும்’ என்று சொல்லப்படும் அந்தப் பறத்தலில் பாதி எடைக் குறைவு. மறுபாதி டூ ஸ்ட்ரோக்கின் இயல்பு. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே கலவை வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். அதனாலேதான் அதே காலத்து சி.டி. 100 ஏறக்குறைய அதே கொள்ளளவில் ஏழெட்டுக் குதிரைத் திறனோடு நின்றது. வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் என்ற மூன்றே அசையும் உறுப்புகள் என்று சொன்னால் பெரும் பிழையில்லை. இவ்வளவு குறைந்த உறுப்புகளில் இவ்வளவு திறனைக் கறந்த பொறியாளரை நான் வணங்குகிறேன்.

எங்கள் வீட்டு வண்டி 1993-இல் வாங்கப்பட்டது. அப்பா அப்போது காங்கேயம் பக்கத்தில் கால்நடை ஆய்வாளர். ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம் அந்த வண்டிக்குப் போயிற்று என்று அம்மா இன்றும் சொல்வார். சினை ஊசி போடுவதற்கான திரவ நைட்ரஜன் குடுவையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பா ஊர் ஊராகப் போவார். மூடியைத் திறந்தால் வெண்புகை பொங்கி வழியும். அது 77 கெல்வினில் கொதிக்கும் என்பதைக் கல்லூரியில் கற்றபோது, அதை என் ஐந்தாம் வயதிலேயே விரலால் தொட முயன்று அடி வாங்கியது நினைவுக்கு வந்தது. முன்னால் நீலப் புகை, பின்னால் வெண்புகை, நடுவே அப்பா. எனக்கு வேதியியல் பிடித்துப் போனதற்கு அந்த வண்டியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அந்த வண்டியைப் பார்த்து வந்த மெக்கானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றவர். எஞ்சினில் ஏதோ ஓசை என்று வண்டியைக் கொண்டு போனால், நீண்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து அதன் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். மருத்துவர் மார்பில் குழல் வைத்துக் கேட்பது போலவே. “கிராங்க் பேரிங் தம்பி, இன்னும் ரண்டு மாசம் தாங்குமுங்க” என்பார். இரண்டு மாதம்தான் தாங்கும். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். கறுத்து ஈரமாக இருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. காப்பித்தூள் நிறம் இருந்தால் சரி. எரிதலின் வேதியியலை நான் சமன்பாடாக எழுதுகிறேன்; அவர் நிறமாகப் படிக்கிறார். உப்புத்தாளில் பிளக்கைத் தேய்ப்பதும், சைலென்சரின் உள்குழாயை நெருப்பில் இட்டுச் சுட்டுக் கரி தட்டுவதும், தேய்ந்த சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதும் சாலையோரக் கீற்றுக் கொட்டகையில் நடந்தன. முப்பது ஆண்டுகளாக அந்த வண்டி ஒரு நாளும் கம்பெனிக் கடை வாசலை மிதித்ததில்லை.

இவ்வளவு புகழ்ந்தவன் இனி இகழப் போகிறேன். பழமைக் கட்சியார் பொறுத்தருள்க.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு பிறவிக் குறை உண்டு. எரிந்த புகையை வெளியே தள்ளுவது புதிதாக வரும் பெட்ரோல் கலவையே. புகை வெளியேறும் வாயும் கலவை நுழையும் வாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். விருந்தினர் ஒரு வாசலில் நுழைந்து, இலையில் அமராமலே மறு வாசல் வழியே போய்விடுவது போல, கலவையில் ஒரு பகுதி எரியாமலே சைலென்சர் வழியே ஓடிவிடுகிறது. அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு வரையிலும் போகும் என்பது பொறியியலார் அறிந்தது. நான் கால் பங்கு என்றே குறைத்துக்கொள்கிறேன். எங்கள் வண்டி லிட்டருக்கு 40 கிலோமீட்டர் போகிறது. ஆக ஒவ்வொரு 40 கிலோமீட்டருக்கும் கால் லிட்டர், அதாவது ஏறத்தாழ 185 கிராம் பெட்ரோல், எரியாமல் காற்றில் கலக்கிறது. கிலோமீட்டருக்கு 4.6 கிராம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதியின்படி ஒரு மோட்டார் சைக்கிள் வெளிவிடத் தக்க ஹைட்ரோகார்பன் கிலோமீட்டருக்கு 0.1 கிராமே. நாற்பத்தாறு புது வண்டிகள் தம் வரம்பு முழுதும் புகைத்தாலும் எங்கள் வீட்டு வண்டி ஒன்றுக்கு ஈடாகா என்பது இதன் பொருள். இதனோடு எரிந்த 2டி எண்ணெயின் நீலப் புகையையும் கூட்டிக்கொள்க.

எரியாத பெட்ரோல் ஆவி வெறும் நாற்றத்தோடு போவதில்லை. அதில் பென்சீன் உண்டு. அது புற்றுநோய் தருவது. மேலே சென்ற ஆவி வெயிலோடும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடும் வினைபுரிந்து ஓசோனாகிறது; நுண்துகளாகத் திரண்டும் இறங்குகிறது. டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களின் புகையிலிருந்து இத்தகைய நுண்துகள் எவ்வளவு பிறக்கிறது என்பதை 2014-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தில்லியின் நவம்பர் மாதத்தை இங்கே வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டா. காங்கேயத்தில் நான்கு திசையும் வெளி. காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே குளிர்காலத்தில் காற்று மூடிபோட்ட பாத்திரம். ஊரில் ஒரு வண்டி செய்யும் தீங்கும் இங்கே அதே வண்டி செய்யும் தீங்கும் ஒன்றல்ல. ‘அந்தக் காலத்துப் புகை அவ்வளவு கெட்டதில்லை’ என்று ஒரு நண்பர் வாதிட்டார். புகைக்குக் காலம் தெரியாது, மூலக்கூறுதான் தெரியும்.

தடுப்பும் அப்படியே. பழைய வண்டியில் இரு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மழையில் நனைந்தால் அது பிடிப்பதும் பிடிக்காமற் போவதும் இறைவன் திருவுளம். அத்தகைய எடை குறைந்த வண்டியில் அத்தகைய திறனை வைத்து அத்தகைய பிரேக்கைக் கொடுத்ததை எண்ணினால் உடல் நடுங்குகிறது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று, சிறியவற்றுக்கு ஒரு பிரேக்கை மிதித்தால் இரண்டும் பிடிக்கும் அமைப்பேனும் வேண்டும் என்றாயிற்று. 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டோர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். இந்த எண்ணைப் படித்த பிறகும் ‘பழைய வண்டியின் கம்பீரம்’ என்று பேசுவோர் தம் தாயாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மழையில் ஒரு முறை போய்வரட்டும்.

சட்டமும் பழைய வண்டிக்கு இங்கே இடம் தரவில்லை. தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடலாகாது என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்கு பங்க்குகளில் பெட்ரோலே தரக்கூடாது என்று தொடங்கி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் நிறுத்திவைத்தார்கள். இதில் ஒரு நகைமுரண் உண்டு. ஆர்.எக்ஸ். 100 தில்லியை ஒட்டிய எஸ்கார்ட்ஸ் ஆலையில் பிறந்த வண்டி. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கொங்கு நாட்டில் வாழ்க்கைப்பட்டு, முப்பது ஆண்டுக்குப் பிறகு பிறந்த வீட்டுக்கு வரலாம் என்றால் வாசலிலேயே தடை.

ஆண்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தடை போடுவது சரியான அறிவியலா என்று கேட்டால், அன்று என்பேன். நன்கு பராமரித்த பதினாறு வயது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியையும் எங்கள் நீலப்புகையாரையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது. அளந்து பார்த்துத் தண்டிப்பதே முறை. ஆனால் அளந்து பார்த்தாலும் எங்கள் வண்டி தோற்கும் என்பதை நான் மறைக்கவில்லை.

போதாக்குறைக்குப் பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-க்குள் நாடெங்கும் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புது வண்டியில் புகைக்குழாயில் ஒரு சென்சார் ஆக்சிஜனை முகர்ந்து பார்க்கிறது. அதைக் கேட்டு இ.சி.யூ. என்னும் கணிப்பொறி, பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் தெளிக்கிறது. கார்புரேட்டருக்கு மூக்கு இல்லை. அது பழைய கணக்கிலேயே கொடுக்கும். ஆகவே கலவையில் காற்று மிகுந்து எஞ்சின் சூடேறும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தச் சூடு பிஸ்டனைப் பிடித்துவிடும். பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலில் ஊறி உப்பும். ஊர் மெக்கானிக் இப்போது எங்கள் வண்டிக்கு ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார். அவரிடம் எந்தச் சமன்பாடும் இல்லை. பிளக் வெளுத்திருந்ததைப் பார்த்தார், அவ்வளவே.

இதுவரையில் புதுமைக் கட்சியார் மகிழ்ந்திருப்பீர்கள். இனி உங்கள் முறை.

சென்ற பருவத்தில் நம் விடுதி நண்பர் ஒருவரின் புது வண்டி, வாங்கி இரண்டு ஆண்டு நிறையும் முன், இரவு பதினொரு மணிக்கு வெளிவட்டச் சாலையில் நின்றுவிட்டது. நான் பின்னால் அமர்ந்திருந்தேன். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே வேண்டா. இந்த நோய் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அதற்குமேல் வண்டி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிச் சென்று ஒரு சாலையோர மெக்கானிக்கை எழுப்பினோம். பீகார்க்காரர்; நல்லவர். விளக்கைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். “பாயி, இது கம்ப்யூட்டர் வேலை. நான் தொட்டால் கம்பெனிக்காரன் வாரன்டி இல்லை என்பான்” என்றார். மறுநாள் கம்பெனிக் கடையில் முழு த்ராட்டில் பாடியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். விலை, நண்பரின் இரண்டு மாத உதவித்தொகையை ஒட்டியது. மின்னணுத் துறை நண்பர் ஒருவர் சிறு கருவி ஒன்றைச் செருகி, வண்டியின் பிழை எண்ணைப் படித்துக் காட்டினார். பழுது த்ராட்டில் பாடியில் இல்லை. அதில் ஒட்டியுள்ள சுண்டுவிரல் அளவுச் சென்சார் ஒன்றில். அதை மட்டும் தாருங்கள் என்று கேட்டதற்கு, அது தனியாக வருவதில்லை என்று பதில் வந்தது.

பல் ஒன்று சொத்தையானால் தாடையை மாற்றச் சொல்வதற்கு மருத்துவம் என்றா பெயர்?

இங்கேதான் என் கட்சி தொடங்குகிறது. அது பழமைக் கட்சியுமன்று, புதுமைக் கட்சியுமன்று. பழைய வண்டியில் நாம் உண்மையில் விரும்புவது எதை? புகையையா? டிரம் பிரேக்கையா? ஓசையை என்பர் சிலர். ஓசைக்காக மட்டும் என்றால் ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். நாம் விரும்புவது அந்த வண்டியின் திறந்த மனத்தை. கெட்டால் ஏன் கெட்டது என்று அது சொல்லும். எட்டாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியும்படி சொல்லும். ஒரு பிளக் ஸ்பேனரும் உப்புத்தாளும் இருந்தால் நடுக்காட்டிலும் நம்மை வீடு சேர்க்கும். புது வண்டியும் சொல்கிறது. சொல்லப்போனால் அது பழையதைவிடத் தெளிவாக, எண்ணிட்டு, இன்ன இடத்தில் இன்ன பழுது என்று சொல்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும் காதை நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது. ஆகவே குறை மின்னணுவில் இல்லை, பூட்டில் இருக்கிறது. ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனைப் பழிப்பவர்கள் தவறான குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

இதற்கு நிறுவனத்தார் தரப்பு விடை ஒன்று உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இ.சி.யூ.வைத் திறந்துவிட்டால் இளைஞர்கள் வேகத்துக்காக அதை மாற்றி எழுதுவார்கள். புகை விதி காற்றில் பறக்கும். திருடனுக்கும் வழி கிடைக்கும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. சைலென்சரை அறுத்துக் குண்டு வெடிப்பது போல் ஓட்டும் வீரர்கள் நம் வளாகத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் படிப்பது வேறு, எழுதுவது வேறு. நூலகத்தில் புத்தகத்தைப் படிக்க விடுவதால் யாரும் அதன் பக்கங்களைத் திருத்தி அச்சிட்டுவிட முடியாது. பிழை எண்களை யாரும் படிக்கலாம், அவற்றின் பொருளை வெளியிட வேண்டும், பழுதான சிற்றுறுப்பைத் தனியாக விற்க வேண்டும், பழுதுபார்க்கும் கையேட்டை வாங்க வருவோருக்கெல்லாம் கொடுக்க வேண்டும். இந்த நான்கையும் செய்தால் எந்தப் புகை விதி கெட்டுவிடும்?

நம் அரசும் இதை அறியாததன்று. 2022 ஜூலையில் நுகர்வோர் நலத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவி, கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள், வீட்டுப் பொருள், மோட்டார் வாகனம் என நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் இணையதளத்தில் தொலைபேசி எண்ணை வெளியிடுவதும், கொட்டகை மெக்கானிக் கையில் கையேட்டைக் கொடுப்பதும் ஒன்றாகா. விரும்பினால் செய்யுங்கள் என்று நிறுவனத்தாரிடம் சொல்வதை விடுத்துச் செய்தாக வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். நாட்டில் பெரும்பாலோர் வாங்கும் வாகனம் இரு சக்கர வண்டி. அதை வாங்குபவன் கார் வாங்குபவனைவிட ஏழை. பூட்டின் பாரம் அவன்மேல்தான் முதலில் விழுகிறது.

அவனோடு சேர்ந்து விழுபவர் எங்கள் ஊர் மெக்கானிக் போன்றோர். அவர் கொட்டகையில் முன்பு மூன்று பையன்கள் தொழில் கற்றார்கள். சென்ற விடுமுறையில் போனபோது ஒருவன்தான் இருந்தான். பஞ்சர் ஒட்டுவதும் ஆயில் மாற்றுவதும் செயினை இறுக்குவதும் மிச்சம். “புது வண்டி வந்தா பாத்துப்போட்டு அனுப்பி வச்சர்றேன் தம்பி, என்னத்தப் பண்ணச் சொல்றீங்க” என்றார். குறை கூறும் குரலில் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். காதால் கிராங்கைக் கேட்டு நாள் குறித்தவருக்கு ஒரு பிழை எண்ணைக் கற்றுக்கொள்ள முடியாதா? ஆறு மாதத்தில் கற்பார். ஆனால் கற்பதற்கான நூல் அவருக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், மலர் வெளியிடுகிறோம். நன்றே. நம்முள் இயற்பியல், வேதியியல், மின்னணு படிப்போர் முப்பதுக்குக் குறையாது. வண்டிகளின் பிழை எண்களில் பல, எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானவை. உலகத் தரத்தில் வரையறுக்கப்பட்டவை. அவற்றைத் தமிழில் எழுதி, இன்ன எண் வந்தால் இன்ன கம்பியை முதலில் பார், இன்ன மின்னழுத்தம் இருக்க வேண்டும் என்று எளிய நடையில் ஐம்பது பக்கத்தில் ஒரு கையேடு செய்ய நமக்கு ஒரு பருவம் போதும். கலைச்சொல்லுக்காகச் சண்டையிட வேண்டா. சென்சாரை ‘உணரி’ என்று எழுதலாமா கூடாதா என்பதைப் புலவர் நண்பர்கள் பிறகு முடிவு செய்யட்டும். கொட்டகையில் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதுவோம். காதால் கேட்டு அறிபவர்களுக்காக அதைப் படித்துப் பதிவு செய்தும் அனுப்பலாம். பிழை எண் படிக்கும் கருவியின் விலை, நாம் ஒரு விழா மேடை அலங்காரத்துக்குச் செலவிடுவதில் சிறு பகுதியே. எழுத முன்வருவோர் என் அறைக்கு வரலாம். வேதியியற் பகுதியை, அதாவது எத்தனாலும் ஆக்சிஜன் சென்சாரும் வரும் பக்கங்களை, நான் எழுதித் தருகிறேன்.

எங்கள் வீட்டு வண்டி என்ன ஆகும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சென்ற மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அப்பா ஓய்வு பெற்றபோது வாங்கிய புது வண்டியின் விலைக்கு மேல் ஒரு தொகை சொல்லிப் போனாராம். “கண்ணு, என்ன பண்ணலாம்?” என்று அப்பா தொலைபேசியில் கேட்டார். விற்பதும் விடுவதும் அவர் விருப்பம். அவர் சம்பளத்தில் வாங்கியது. ஆயினும் கேட்டதால் சொன்னேன்: அன்றாடம் கடைக்கும் கோயிலுக்கும் புது வண்டியில் போங்கள், பிரேக் நன்றாக இருக்கிறது. பழையதை விற்க வேண்டா. ஊருக்குள் ஓட்டவும் வேண்டா. மெக்கானிக் அண்ணனின் கொட்டகையில் நிறுத்திவையுங்கள். தொழில் கற்க வரும் பையன் முதலில் அதைப் பிரித்துப் பூட்டிப் பழகட்டும்; எஞ்சின் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக வேறு எந்த வண்டியும் அவனுக்குக் கற்றுத் தராது. இ.சி.யூ.வை அதன் பிறகு கற்கட்டும். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மாதம் ஒரு முறையாவது கிக்கர் உதைத்து ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க் சீல் காய்ந்துவிடும் என்றார். அதுவும் சரிதான்.